மண்ணுக்கு ஓர் உயிர்ச்சான்று

வாழும் மண் இயக்ககம் நான்காவது மாடியில் இருந்தது. மண்ணைக் காப்பாற்ற எதற்கு அவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்கியது. அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்ட இன்னொரு அட்டை: ‘படியேறுங்கள், பூமியைக் குளிர வையுங்கள்.’

பெரியவள் மூச்சு வாங்கப் படியேறி, பூமியைக் குளிர வைத்துவிட்டு, வரவேற்பு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

ஊரில் அவளுக்குப் பெயரே அதுதான். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகளில் மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். கணவன்மார் இருவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அடுப்பு இரண்டு, வெளியே வயல் ஒன்று. அடுப்பைப் பிரித்தவள் சின்னவள். வயலைப் பிரிக்க விடாதவள் பெரியவள். இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் வயலில்தான். அதிலும் பாதி சண்டை.

வயலில் தக்காளி போட்டிருந்தார்கள். கிணற்று மோட்டார் போன கோடையில் புகைந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கால்வாயிலிருந்து குடம் குடமாக மொண்டு வந்து செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்ட ஒருநாள், தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போயிற்று. மண்ணை நோகாமல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அரசாங்கம் வருடாவருடம் பணம் தரப்போகிறதாம். நஞ்சு தெளித்திருக்கக் கூடாது. வேலியோரம் மரம் இருக்க வேண்டும். மண்ணில் உயிர் இருக்க வேண்டும்.

இவர்களிடம் மூன்றும் இருந்தன. நஞ்சு தெளிக்காததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர்தான் இவர்களுக்குப் பக்கத்து வயல்காரர். அவர் இவர்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அவர்கள் சுற்றுச்சூழலைப் பாதுகாத்துவந்தார்கள்.

“ஒரு மோட்டார் வாங்குற அளவுக்கு வந்தா போதும்” என்று பெரியவள் சொன்னாள்.

“அவங்க குடுத்து நீ வாங்கி நாம தண்ணி இறைக்கிறதுக்குள்ள, கால்வாயே வயலுக்கு வந்துடும்” என்றாள் சின்னவள். சொன்னாலும், போகிற வழிக்குப் பேருந்துக் காசைக் கொடுத்தவள் அவள்தான்.

திட்ட அலுவலர் ஒல்லியான மனிதர். எதைச் சொல்வதற்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுவார். அவர் அறையில் நான்கு மூலையிலும் செடிகள் இருந்தன. ஒரு பெண் அவற்றின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் இலைகள். சுவரில் ஒரு பெரிய படம்: இரண்டு கைகள் ஒரு பிடி மண்ணை ஏந்திக்கொண்டிருந்தன. கைகள் மிகவும் சுத்தமாக இருந்தன.

பெரியவள் உள்ளே வந்ததும் அவள் காலிலிருந்து ஒரு சின்ன மண்கட்டி தரையில் உதிர்ந்தது. இலை துடைத்த பெண் ஓடிவந்து அதை எடுத்துக் குப்பையில் போட்டு, அந்த இடத்தில் பினாயில் ஊற்றித் துடைத்தாள்.

“உக்காருங்கம்மா” என்றார் அலுவலர். “உங்க மண்ணு உயிரோட இருக்கா?”

“காலையில பார்த்துட்டுத்தான் வந்தேன் சார். நல்லாத்தான் இருந்துச்சு.”

“நீங்க பார்த்தது கணக்குல வராது. உயிர்ச்சான்று வேணும்.”

“மனுசங்களுக்குத்தானே சார் அது. ஓய்வூதியம் வாங்குறவங்க வருசா வருசம் குடுப்பாங்களே.”

“அதேதான். அவங்களாவது நேர்ல வந்து நிக்கிறாங்க. உங்க மண்ணு வருமா?”

“கொஞ்சம் அள்ளிட்டு வரட்டா சார்?”

அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார். “அள்ளிட்டு வந்தா அது அள்ளுன மண்ணும்மா. அள்ளாத மண்ணு உயிரோட இருக்குன்னுதான் சான்று வேணும். அதை அள்ளாம கொண்டுவரணும்.”

சான்றை யார் தருவார்கள் என்று கேட்டாள். உயிர் சம்பந்தப்பட்ட யாராவது தருவார்கள் என்றார்.

உயிர் சம்பந்தப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், கால்நடை மருத்துவர். மருத்துவமனை வாசலில் இரண்டு மாடுகளுக்கும் ஒரு நாய்க்கும் பின்னால் வரிசையில் நின்றாள். நாயை முடித்துவிட்டு மருத்துவர் நிமிர்ந்து, “உங்களோடது எங்கே?” என்று கேட்டார்.

“வயல்ல இருக்கு சார். மண்ணு. அதுல புழு நிறைய இருக்கு, உயிரோட இருக்குன்னு ஒரு சான்று வேணும்.”

மருத்துவர் பொறுமையானவர். முழுவதும் கேட்டுக்கொண்டார். “அம்மா, புழு இருக்குன்னு இதுவரைக்கும் என்கிட்ட சந்தோசமா வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். எங்ககிட்ட புழுவுக்கு மருந்து இருக்கு. கொல்றதுக்கு. சான்று கிடையாது” என்றார்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மண் பிறந்த தேதியைக் கேட்டார்கள்.

அவள் மறுபடியும் நான்கு மாடி ஏறினாள். திட்ட அலுவலர் அவளைப் பார்த்ததும் மகிழ்ச்சி அடைந்தார். அவள் அலைந்துகொண்டிருந்த நாட்களில் இயக்ககமே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாம். இனி மண்ணின் உயிரை மண்புழுவின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிப்பார்கள். புழு எண்ணுவதற்கென்று ஒரு முதுநிலை மண்ணுயிர் ஆலோசகரையும் நியமித்துவிட்டார்கள்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நாங்களே வருவோம்” என்றார்.

அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டாள். அந்த வயதில் நான்கு மாடி ஏறிய யாராக இருந்தாலும் அப்படித்தான் பட்டிருப்பார்கள்.

ஜீப் வரப்பின்மேலேயே ஏறி வந்தது. வரப்பு உட்கார்ந்துவிட்டது. முதலில் திட்ட அலுவலர் இறங்கினார். பிறகு ஆலோசகர் அம்மா இறங்கினார். வெயில் கண்ணாடி, வெள்ளைக் காலுறை, வெள்ளைக் காலணி. ஓட்டுநர் ஓடிவந்து அவருக்குக் குடை பிடித்தார். ஆலோசகர் வரப்பைத் தாண்டி வயலுக்குள் கால் வைக்கவில்லை. மண்ணுக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய ஆய்வு முடிவு.

எழுத்தர் இருவர் வயலின் நட்டநடுவில், பூவும் பிஞ்சுமாக நின்ற பாத்தியில், சதுரமாக ஒரு குழி வெட்டினார்கள். செடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்கள். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்து, விழுந்த புழுக்களைத் தட்டில் கொட்டி எண்ணினார்கள். ஓர் எழுத்தர் ஓர் எண்ணைச் சொன்னார், மற்றவர் வேறொன்றைச் சொன்னார். புழுக்கள் நெளிந்துகொண்டே இருந்தன.

“ஒத்துழைக்க மாட்டேங்குது மேடம்” என்றார் ஒருவர்.

“இன்னொரு குழி எடுங்க” என்றார் ஆலோசகர் வரப்பிலிருந்து. “ரெண்டையும் கூட்டிப் பாதியா எடுத்துக்கலாம்.”

இரண்டாவது குழியில் வந்த எண்ணிக்கை முதல் குழியோடு ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்க மூன்றாவது குழி எடுத்தார்கள். மூன்றாவதைச் சரிபார்க்க நான்காவது. சாயங்காலம் ஆனபோது பெரியவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பிடுங்கிய செடிகளைப் பொறுக்கி மறுபடி நட்டுக்கொண்டிருந்தாள். அவள் நட்ட இடத்தில்தான் அடுத்த குழி வந்தது.

கடைசியில் ஆலோசகர் திருப்தியடைந்தார். “அருமையான மண்ணு. ரொம்ப உயிரோட்டமா இருக்கு” என்று பாராட்டினார். மண் உயிரோடிருப்பதற்கு ஆதாரமாக, எண்ணிய புழுக்கள் எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவைகளில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, இறுக மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் துறைமுகத்திலிருந்து பெரியவளின் கணவன் போன் செய்தான்.

“அரசாங்கமே வீடு தேடி வந்து எண்ணிட்டுப் போயிருக்கு. விட்டுடாத. கேக்குறதெல்லாம் செஞ்சு குடு.”

“தக்காளி பாதி போச்சுங்க.”

“தக்காளி இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம். இது வருசா வருசம் வர்ற காசு.”

சின்னவள் தன் அடுப்படியிலிருந்து உரக்கச் சொன்னாள், “அங்கேயிருந்து சொல்லலாம். இங்க வந்து குழிக்குள்ள நின்னு சொல்லச் சொல்லு.”

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றார் திட்ட அலுவலர். பெரியவள் கைகூப்பினாள். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம் எழுந்திருக்கிறது என்றார்.

“இந்தப் புழுவெல்லாம் உங்க புழுதானா?”

“எங்க வயல்லதானே சார் இருந்துச்சு.”

“இருந்துச்சு, சரி. பொறந்தது எங்கே? பக்கத்து வயல்லேருந்து ராத்திரி வந்து தங்கிட்டுப் போயிருந்தா? ஒருத்தர் புழுவுக்கு இன்னொருத்தர் பணம் வாங்குறது மோசடியாயிடும்மா. நான் உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்.”

அன்று சின்னவளும் கூட வந்திருந்தாள். “பக்கத்து வயல்ல அவர் அடிக்கிற மருந்துக்கு வரப்புல போற எலியே செத்து விழுது சார். அங்கேயிருந்து புழு எப்படி வரும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். அங்க இருக்க முடியாமத்தான் இங்க வந்திருக்கும். அப்படி வந்தா அது இடம்பெயர்ந்த புழு. அதுக்கு வேற திட்டம்.”

புழு வராமலும் போகாமலும் இருக்க வயலைச் சுற்றி இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கனமான பிளாஸ்டிக் தாளைத் தரைக்கு மேலும் ஒரு முழம் எழும்பும்படி நிறுத்தி வைக்க வேண்டும் என்றார்கள். செலவு விவசாயியுடையது. பள்ளம் வெட்டுவதற்கு வேலியோரத்து மரங்கள் இடைஞ்சலாக இருந்தன. மரம் இல்லாவிட்டால் பணம் இல்லையே என்று பெரியவள் பதறிப்போய்க் கேட்டாள். மரங்களை ஏற்கெனவே படம் பிடித்துக் கோப்பில் சேர்த்தாகிவிட்டது, இனி வெட்டினால் பாதகமில்லை என்று அலுவலர் தைரியம் சொன்னார்.

அன்று இரண்டு பேருக்கும் நடந்த சண்டையை ஊரே கேட்டது.

“மரத்துல கத்தி வெச்சா நான் என் பங்கைப் பிரிச்சுக்கிறேன்” என்றாள் சின்னவள்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்ப விட்டா இதுவரைக்கும் போனதும் போனதுதான்.”

“அக்கா, நீ இன்னும் எதையோ வாங்கப்போற மாதிரியே பேசுற. இதுவரைக்கும் நாமதான் குடுத்துக்கிட்டு இருக்கோம்.”

பெரியவள் முட்டாள் இல்லை. ஆனால் நான்கு மாடி ஏறி, கைகட்டி நின்று, பினாயில் வாசனையில் காத்திருந்து வந்தவள். அத்தனையும் வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னும் ஒருமுறை ஏறுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பிளாஸ்டிக் தாள் வாங்க வேறு வழி இல்லாமல் அவள் திணறுவதைப் பார்த்து, சின்னவள் தன் ஸ்கூட்டரை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து பெரியவளின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மரங்கள் விழுந்தன. பிளாஸ்டிக் நின்றது. புழுக்களின் நிரந்தர வசிப்பிடம் உறுதியானது.

அந்த மாதமே நகர மண்டபத்தில் விழா வைத்தார்கள். விவசாயிகள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், வராதவர்கள் திட்டத்தில் ஆர்வமற்றவர்களாகக் கருதப்படுவார்கள். ஓரகத்திகள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். குளிர்சாதனம் வைத்த மண்டபம். சின்னவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இயக்குநர் பேச எழுந்தார். நிறைந்த குரல். தாளைப் பார்க்காமல் பேசினார்.

“நண்பர்களே, மண் நம் தாய். தாய்க்குப் பணம் கொடுப்பது எளிது. ஆனால் அவர் நம் தாய்தானா என்று உறுதி செய்துகொள்ளாமல் கொடுக்கலாமா? அதனால்தான் இந்த ஆண்டு நிதியில் பெரும்பகுதியை உறுதி செய்வதற்கே செலவிட்டோம். எங்கள் ஜீப் ஏறாத வரப்பு இந்த மாவட்டத்தில் இல்லை. தகுதியற்ற ஒருவருக்குக்கூடப் பணம் போய்ச்சேரவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். தகுதியுள்ளவர்களுக்கும் இன்னும் போய்ச்சேரவில்லை. ஆனால் தவறு நடக்கவில்லை. அதுதான் முக்கியம்.”

முன்வரிசையில் கைதட்டினார்கள்.

“சிலர் கேட்கிறார்கள், விவசாயிகள் கஷ்டப்படுகிறார்களே என்று. உண்மைதான். இந்தத் திட்டத்தில் எங்களுக்கு ஏற்படும் தாமதங்கள் எல்லாமே விவசாயிகளால்தான் ஏற்படுகின்றன. அவர்கள் இல்லாமல் இதை நடத்த முடியுமா என்று ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறோம். குழு வெளிநாடு சென்றிருக்கிறது.”

பிறகு மாவட்டத்தின் சிறந்த வாழும் மண்ணுக்கான விருதை அறிவித்தார்கள். மேடையேறியவர் பூச்சிமருந்துக் கடைக்காரர்.

நடந்தது இதுதான். புழு எண்ணத் தொடங்கியதும் இயக்ககம் அங்கீகரிக்கப்பட்ட புழு விற்பனையாளர் ஒருவரைத் தேடியது. ஊரில் உரிமம் உள்ள கடை ஒன்றுதான். அவர் கடையில் ஒரு தட்டில் பூச்சிமருந்தும் அடுத்த தட்டில் மண்புழுப் பொட்டலமும் வந்து உட்கார்ந்தன. ஆய்வு நாளன்று காலையில் தன் கடையில் தானே வாங்கிய பொட்டலங்களைத் தன் வயலில் அடுக்கி வைத்தார். பிரிக்கவில்லை. பிரித்தால் அந்த மண்ணில் பத்து நிமிடம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். எழுத்தர்களுக்கும் அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் எண்ணிக்கை அச்சிட்டிருந்தது, யார் கூட்டினாலும் ஒரே தொகை வந்தது. அந்த மாவட்டத்தில் கணக்கு ஒத்துப்போன ஒரே வயல் அதுதான்.

கடைக்காரர் பொன்னாடையோடு மேடையை விட்டு இறங்கி நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார். மனிதர் மோசமில்லை, வியாபாரி. “பெரியம்மா, நீங்களும் நாலு பொட்டலம் வாங்கி வெச்சிருக்கலாம். கடனா வேணும்னாலும் குடுத்திருப்பேனே” என்றார்.

“எங்களுக்குத்தான் கடன் குடுக்கமாட்டீங்களே” என்றாள் சின்னவள்.

“மருந்துக்குத்தான் குடுக்கமாட்டேன். புழுவுக்கு அரசாங்கம் பொறுப்பு.”

விழா முடிந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வேலியோரமாக வடிந்து கால்வாய்க்குப் போய்விடும். இந்த முறை பிளாஸ்டிக் விடவில்லை. வயல் தொட்டியாகிவிட்டது. குழிகள் நிறைந்தன. செடிகள் வேரழுகிச் சாய்ந்தன. மூன்றாம் நாள் காலையில் பெரியவள் போய்ப் பார்த்தபோது, மண்புழுக்கள் மூச்சுக்காக மேலே வந்து, ஏறுவதற்கு இடமில்லாமல், பிளாஸ்டிக் ஓரமாக வெளுத்துப்போய் மிதந்துகொண்டிருந்தன. அவள் ஒரு குச்சியை எடுத்து அவற்றை ஒதுக்கிப் பார்த்தாள். ஒன்றாவது நெளிகிறதா என்று பார்த்தாள். பிறகு குச்சியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

தண்ணீர் வடிந்ததும் இறுதி மதிப்பீட்டுக்கு ஜீப் வந்தது. எழுத்தர்கள் வழக்கம்போலக் குழி எடுத்தார்கள். சலித்தார்கள். தட்டில் ஒன்றும் விழவில்லை. ஒரு வழியாக இருவரும் சொன்ன எண் ஒன்றாக இருந்தது. ஆலோசகர் குடைக்கடியிலிருந்து தலையசைத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

திட்ட அலுவலர் ஓரகத்திகளிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்கங்கம்மா. உங்க மண்ணு இறந்துடுச்சு.”

“எப்போ சார்?” என்றாள் பெரியவள்.

“அறிக்கை தேதிதான் கணக்கு. இன்னைக்கு.”

“குழி வெட்டினது நீங்க. தாள் நிறுத்தச் சொன்னது நீங்க. மரம் வெட்டச் சொன்னது நீங்க” என்றாள் சின்னவள். “கொன்னுபுட்டு வந்து தேதி சொல்றீங்க.”

“ஆத்திரம் புரியுதும்மா. ஆனா நாங்க உயிரை எண்ணத்தான் வந்தோம். காப்பாத்துறது எங்க வேலையில இல்ல. அது வேற துறை.” கண்ணாடியைத் துடைத்தார். “விதிப்படி இறந்த மண்ணுக்குப் பணம் கிடையாது. உங்க பேரை எடுத்துடுவோம். இனிமே இந்தப் பக்கம் ஆய்வும் இருக்காது.”

அவர் திரும்பி நடந்தார். பெரியவள் எழுந்தாள். இத்தனை மாதங்களில் அந்த அலுவலகம் சொன்ன எதுவும் அவளுக்குச் சரியாகப் புரிந்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியம் புரிந்தது.

“சார், ஒரு நிமிசம். ஆய்வு இருக்காதுன்னா, யாரும் வரமாட்டீங்களா?”

“வரமாட்டோம்மா.”

“புழு எண்ண?”

“இல்லாததை எப்படி எண்ணுறது?”

“அந்தம்மா?”

“மேடமும் வரமாட்டாங்க.”

“ஜீப்பு?”

“செத்த மண்ணுக்கு டீசல் போட அனுமதி இல்லம்மா.”

பெரியவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “அதை எழுதிக் குடுங்க சார்.”

அலுவலர் அவளை வியப்போடு பார்த்தார். பதினேழு வருட அனுபவத்தில் யாரும் அவரிடம் மண்ணுக்கு இறப்புச் சான்று கேட்டதில்லை. ஆனால் மறுக்க விதி எதுவும் இல்லை. எத்தனையோ மாதம் அலையவிட்டும் உயிர்ச்சான்று கொடுக்கத் தெரியாத இயக்ககம், இறப்புச் சான்றை ஜீப்பின் முன்மூடிமேல் வைத்தே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. இந்த நிலத்தில் உயிர் இல்லை, எதுவும் விளையாது, இயக்ககத்துக்கு இதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லை.

ஜீப் போனதும் சின்னவள் பிளாஸ்டிக்கைப் பிடுங்கத் தொடங்கினாள். பழைய சாமான் கடையில் போட்டதில் வாங்கிய விலையில் கால்வாசிகூடத் தேறவில்லை. அந்தக் காசோடு பெரியவள் தன் பசுவை விற்ற காசையும் சேர்த்து, யாரோ ஓட்டிக் கழித்த மோட்டார் ஒன்றை வாங்கினார்கள். அது ஓடும்போது கிணறே அதிர்ந்தது, ஆனால் ஓடியது. குழிகளை மூடினார்கள். சாணமும் சருகும் கொட்டினார்கள். அந்தப் போகம் விளைச்சல் ஒன்றும் பிரமாதமில்லை. குழி இருந்த இடமெல்லாம் செடி சோனியாகத்தான் வந்தது. மரம் போன பக்கம் வெயில் நேராக அடித்தது. இலையில் ஓட்டை விழுந்தது. வெட்டிய மரங்கள் வெட்டியவைதான். ஆனால் மீதிச் செடிகளில் தக்காளி காய்த்தது, சிவந்தது. அடுப்பு இன்னும் இரண்டாகத்தான் இருந்தது. சண்டையும் குறையவில்லை.

அறுவடை நேரத்தில் ஒருநாள் ஜீப் வந்தது. இவர்களிடம் அல்ல. பக்கத்து வயலில் விருது பெற்ற மண்ணுக்குப் பலகை நட்டுப் படம் எடுக்க வந்திருந்தார்கள். கடைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றார். படம் எடுத்து முடிந்ததும் திட்ட அலுவலர் கையில் ஒரு துணிப்பையோடு வரப்பில் நடந்து இந்தப் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கோம் சார்” என்றாள் பெரியவள், கூடையிலிருந்து நிமிராமல்.

“தக்காளி கிலோ என்ன விலைம்மா?”

“அந்த வயல்ல நிறைய இருக்குமே சார்” என்றாள் சின்னவள். “பலகையெல்லாம் நட்டிருக்கீங்க.”

அலுவலர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்கம்மா. மருந்து அடிக்காததா பார்த்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

“இது செத்த மண்ணு சார். இதுல ஒண்ணும் விளையாது.”

அலுவலர் கூடையைப் பார்த்தார். கூடை நிறையத் தக்காளி இருந்தது. “இதோ இருக்கேம்மா.”

“உங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இல்லைன்னு இருக்கு. இல்லாததை எப்படி சார் நிறுக்கிறது? அப்புறம் உங்களுக்குத்தான் கெட்ட பேரு. நான் உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி கூடையைப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. ஜீப்பிலிருந்து ஆலோசகர் அம்மா, “என்னவாம்?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல மேடம். இங்க ஒண்ணும் விளையலையாம்” என்றார் அலுவலர்.

அவர் வெறும் பையோடு திரும்புவதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். அவருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அந்தப் பையை வாங்கி, தன் வயலிலிருந்து பெரிய பெரிய பழமாகப் பறித்து, வாய்வரை நிரப்பி, காசு வேண்டாம் என்று சொல்லி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்ட அலுவலரின் மடியிலேயே வைத்துவிட்டார். ஒரு பழத்தில்கூட ஓட்டை இல்லை. ஒரே அளவு, ஒரே நிறம். காலையில் அடித்த மருந்து காம்போரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

ஜீப் பிரதான சாலைக்கு ஏறியது. அலுவலர் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் குனிந்து ஓட்டுநரிடம் சொன்னார்.

“இதை நீ எடுத்துட்டுப் போப்பா. விருது வாங்கின வயலு.”

ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

“எனக்கும் பிள்ளைங்க இருக்குங்க சார்” என்றார்.